நாலு வயது நோயாளி

“டாக்டர் பொண்ணுன்னா இப்படித்தான், நேரத்துக்கு வர முடியாது. என்ன கேஸ், முசியே லாசர்?” என்று கேட்டாள் மரி-லூயிஸ்.

“காலு முறிஞ்சிபோச்சு மதாம். அவசர ஆப்பரேஷன்” என்றார் லாசர். இதுவரை சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

லாசர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர். மகள் இசபெல் எலும்பு டாக்டர் என்று லா ஷப்பேல் தமிழர் பேட்டை முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். யாருடைய எலும்பு என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். குதிரை டாக்டர் என்றால் எவன் பெண் கேட்டு வருவான்? இப்போது வந்திருக்கும் சம்பந்தமோ லேசுப்பட்டதல்ல. மரி-லூயிஸின் மகன் அந்துவான் ஏதோ ஒரு பிரபுவிடம் காரியதரிசியாம். வேலை முடிந்து நேரே இங்கே வருவதாகச் சொல்லியிருந்தான். அவனையும் இன்னும் காணோம்.

“நோயாளிக்கு என்ன வயசு?”

“நாலு.”

“அடப் பாவமே, பச்சைப் பிள்ளையா?”

லாசர் அவசரமாக வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கீழே யாழ்ப்பாணத்து இரத்தினம் புதிதாகத் திறந்த கடையில் சூடாக வாங்கியது. அவள் அதைத் தொடவில்லை. மடியில் ஜெபமாலையை உருட்டியபடி இருந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜெபமாலை எதற்கு? குதிரை விஷயத்தை யாராவது போட்டுக் கொடுத்துவிட்டார்களோ என்று லாசர் அவள் முகத்தை நோட்டம் விட்டார்.

தொலைபேசி மணி அடித்தது. அவரைவிட வேகமாக அவள் எழுந்து, பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்தாள்.

“பப்பா, தகடு வச்சு ஸ்க்ரூ எல்லாம் போட்டுட்டேன்.” இசபெல்லின் குரல் களைத்திருந்தது. “கொன்னுடலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நான் விடலை. ஆனா கண்டம் இனிமேதான். மயக்கம் தெளிஞ்சு அதுவா எழுந்து நிக்கணும். மிரண்டு விழுந்துச்சுன்னா வச்ச தகடு பிச்சுக்கும். அப்புறம் ஊசி போட்டு முடிக்க வேண்டியதுதான்.”

லாசர் நாற்காலிக்குத் திரும்பினார்.

“பிழைச்சிடுமா முசியே?” என்று கேட்டாள் மரி-லூயிஸ்.

“எழுந்து நின்னாத்தான் மதாம் நிச்சயம்.”

ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடத்துப் போனது. மிருக வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று இசபெல் சொன்ன அன்று அவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவர் லாசர். இன்று, கண்ணால் பார்த்தே இராத அந்தக் குதிரைக்காக அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்திடு ராசா, என் பிள்ளை மானத்தைக் காப்பாத்து என்று மனசுக்குள் கெஞ்சினார். சம்பந்தம் பேச ஆள் வந்திருப்பதுகூட மறந்துபோயிற்று.

மறுபடி மணி அடித்தது.

“பப்பா, சுல்தான் நிக்குது. நாலு கால்லயும் நிக்குது. இப்பவே புல்லு கேக்குது பப்பா.” இசபெல் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

லாசருக்குத் தலைகால் புரியவில்லை. “எழுந்திடுச்சு மதாம், குதிரை எழுந்திடுச்சு!” என்று வீடு அதிரக் கத்தினார். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போனால் போகட்டும் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது.

“ஆமாம் மதாம், என் பொண்ணு குதிரை டாக்டர். காலொடிஞ்சா கொன்னு போடுற ஜீவனை இன்னிக்கு நிமித்தி நிக்க வச்சிருக்கா. சுல்தான்னு பேரு. இஷ்டமிருந்தா மேல பேசுங்க, இல்லாட்டி வாசல் அந்தப் பக்கம்.”

மரி-லூயிஸ் வாசலைப் பார்க்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“என் மகன் காரியதரிசியும் இல்லை, ஒண்ணும் இல்லை முசியே. அந்தப் பிரபுவோட லாயத்துல குதிரை தேய்க்கிறவன். காலையிலேருந்து சுல்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டு உங்க பொண்ணு பக்கத்துலதான் இருக்கான்.”