சால்னா ஊற்றும் மரியாதை

தென்காசி மாவட்டத்திலேயே மனிதரை மனிதராக மதிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். குற்றாலத்துப் பரோட்டாக் கடையின் தகரக் கூரையில் சாரல் விழுகிறது. உள்ளே, அருவியில் குளித்துவந்த ஈரத் தலைகளும் பரோட்டாக் கல்லின் புகையுமாக ஒரே நெருக்கடி. எனக்கு எதிரே, சக்கர நாற்காலியில், எங்கள் கல்லூரிக் கணக்கு மேடம் சங்கரேஸ்வரி. பக்கத்தில் அவர் தம்பி மணிமுத்து. பரிமாறும் அண்ணாச்சி மணிமுத்துவைப் பார்த்து, “அவுகளுக்கு என்ன வேணும்?” என்கிறார். “ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்” என்கிறார் மேடம். அண்ணாச்சியின் பார்வை மணிமுத்துவை விட்டு நகரவில்லை. “இட்லி வைக்கட்டா தம்பி? அவுகளுக்கு லேசா இருக்கும்லா.” மேடம் எவர்சில்வர் டம்ளரால் மேசையைத் தட்டுகிறார். “அண்ணாச்சி, இங்கன பாருங்க. பசி எனக்குல்லா.” நான் விடுவேனா? “மேடம் நல்லாப் பேசுவாவ அண்ணாச்சி. பெல் அடிச்சாலும் நிப்பாட்ட மாட்டாவ.” மேடமே சிரித்துவிடுகிறார். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு போய், பரோட்டாவை ஆவி பறக்கக் கொண்டுவந்து வைக்கிறார். மேடம் பிய்த்துப் போடுகிறார். சால்னா வாளி என் கைப்பக்கம் இருக்கிறது. மரியாதையாக எழுந்து, கரண்டியை நிறைத்துக்கொண்டு, மணிமுத்துவிடம் மெதுவாகக் கேட்கிறேன்: “மேடத்துக்கு ஊத்தவா?” டம்ளர் மறுபடி மேசையைத் தட்டுகிறது.