பம்புக்கு ஆகாத ஊர்

“இன்னா சார், சாவியைத் திருப்பினா டக் டக்னு சத்தமே வரலியே!” என்றான் மெக்கானிக் அருள்தாஸ். அவன் தலை பானெட்டுக்குள் இருந்தது.

“அது வராததாலதானே உன்னைக் கூப்பிட்டேன்?” என்று எரிந்து விழுந்தார் மணவாளன்.

அவருடைய பழைய கறுப்புக் காரில் பெட்ரோல் பம்பு கரண்டில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று துடிக்கும். துடித்தால்தான் என்ஜினுக்குப் பெட்ரோல் போகும். இன்றைக்கு அது வாயே திறக்கவில்லை. என்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? சென்னீர்குப்பத்தில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் போய் நின்றால்தான் தட்டு மாற்றுவார்கள். “என் தம்பி சீரோட கார்ல வந்து இறங்குவான்” என்று அக்கா மாப்பிள்ளை வீட்டாரிடம் வேறு பீற்றி வைத்திருந்தாள். அம்பத்தூரில் பஸ் ஏறி, தேங்காய் பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினால் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

அருள்தாஸ் ஒயரில் டெஸ்ட் விளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். “ஃப்யூஸ் நல்லா கீது. எர்த்தும் டைட்டா கீது.” ஸ்பேனரால் பம்பை இரண்டு தட்டுத் தட்டினான். அது அசைந்து கொடுக்கவில்லை. “பம்பு மேல தப்பில்ல சார். அதுக்குக் கரண்டே வரல. நடுவுல எங்கியோ நின்னுபோய்க் கீது.”

“அப்ப சீட்டைத் தூக்கிட்டு, ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்களேன் அண்ணே” என்றாள் லோகநாயகி. பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக, கையில் சீர்த்தட்டோடு வாசலில் நின்றிருந்தாள் மணவாளனின் மனைவி.

“சீட்டைத் தூக்காதே!” மணவாளன் அலறிய அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“ஏங்க?”

“புது சீட் கவர். போன வாரம்தானே நீயே ஆசையா இவன் ஷெட்டுக்குப் போய் நின்னு போட்டுக்கிட்டு வந்தே? கிரீஸ் பட்டுடும்.”

“ஆமா, வாணாம், வாணாம்” என்று அருள்தாசும் அவசரமாகத் தலையாட்டினான்.

மணவாளனின் கவலை சீட் கவர் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டிவிட்டால் பம்புக்குக் கரண்ட் போகாது. “திருடனுக்காக” என்று சொல்லித்தான் அருள்தாசை வைத்துப் போட்டார். வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அந்தத் தெருவுக்கு எந்தத் திருடனும் வந்த பாடில்லை. சுவிட்ச் இதுவரை நிறுத்தியதெல்லாம் ஆவடிப் பயணங்களைத்தான். ஆவடியில் மாமியார் பூங்காவனம் இருந்தார். ஏறினால் முன் சீட்டில்தான் ஏறுவார். “ஆரன் அடிங்க மாப்ளே, மாடு வருது மாப்ளே, மெதுவா மாப்ளே” என்று வழியெல்லாம் வண்டியை ஓட்டுவது அவர்தான். மணவாளன் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

அதனால் லோகநாயகி “அம்மாவைப் பார்க்கணும்” என்று சொன்ன நாளெல்லாம் பம்பு படுத்துக்கொள்ளும். அவளும் வாயில்லாப் பூச்சியாக ரயிலில் போய் வந்துவிடுவாள். “பம்புக்கு ஆவடியே ஆகாது போல” என்று ஒரு முறை அவள் சொன்னபோது மணவாளன் திரும்பி நின்று சிரித்துக்கொண்டார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாகிவிட்டது. சுவிட்ச் ஆனில்தான் இருந்தது!

அருள்தாசின் காதருகே குனிந்தார். “அது ஆன்லதான்டா இருக்கு. அப்புறம் என்ன கேடு?”

அருள்தாஸ் அவரைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். “நான் இன்னா சார் சொல்றது? மாதா மேல சத்தியம் பண்ணிக்கீறேன்.”

“சத்தியத்தை அப்புறம் பார்க்கலாம், வண்டியைக் கிளப்புடா! நேரமாகுது!” மணவாளனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பெற்ற மகளைப்போல் தூக்கி வளர்த்த பெண். அவள் நிச்சயத்துக்குப் போய்ச் சேராமல் இதென்ன கூத்து?

லோகநாயகி மெல்லப் படியிறங்கி வந்தாள். “ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஆவடி வழியாத்தானே போறோம்? அம்மாவையும் ஏத்திக்கிறோம்னு வேண்டிக்குங்க. கிளம்பினாலும் கிளம்பும்.”

“பம்புக்கு வேண்டுதலா? சரி, கிளம்பட்டும், ஏத்திக்கிறேன்!”

“முன் சீட்டுல?”

“முன் சீட்டுலயே!”

“இன்னிக்கு மட்டுமா?”

“எப்பக் கூப்பிட்டாலும்! போதுமா?”

மணவாளன் ஸ்டியரிங் முன்னால் உட்கார, லோகநாயகி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். சீர்த்தட்டைக் காலடியில் வைக்கக் குனிந்தாள். சற்று நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு நிமிர்ந்து கொண்டையைச் சரிசெய்தாள். “இப்பத் திருப்புங்க.”

டக் டக் டக் டக்!

மணவாளன் வாயைப் பிளந்தார். அருள்தாஸ் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டு சுவிட்சும் ஆன்ல கீதில்ல? இனிமே போவும் சார்.”

“ரெண்டா?” மணவாளன் பின்னால் திரும்பினார்.

லோகநாயகி சீட் கவரைச் செல்லமாகத் தடவிக் கொடுத்தாள். “அண்ணனைக் கோவிக்காதீங்க. நானும் திருடனுக்காகத்தான் போடச் சொன்னேன்.”