சண்டி வண்டி

“ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே.”

சாவியைத் திருப்பியதும் பழைய பிக்கப் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேட்டரி, ஃபியூஸ், எர்த் வயர் என்று டெஸ்ட் லைட்டால் தொடாத இடமில்லை. எங்கும் கோளாறு இல்லை.

“உன் கடைக்கு வந்தா மட்டும் நல்ல பிள்ளையாயிடும். எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பினா பாதி வழியில உயிரை விட்டுடும்,” என்று வண்டிக்காரர் எரிந்து விழுந்தார்.

“வித்துத் தொலைங்கன்னா கேட்டாத்தானே?” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி.

அவர் இறங்கிவந்து, தூக்கிவைத்திருந்த பானெட்டின் மறைவில் எலக்ட்ரீஷியனின் காதைக் கடித்தார்.

“தம்பி, கரண்டை கட் பண்ண என் சீட்டுக்கு அடியில திருட்டு சுவிட்ச் வச்சுக் குடுத்தியே, அதுல ஏதாவது கோளாறா? மாமியார் வீட்டுக்குப் போறப்போ மட்டும்தான் தட்டுறேன், சத்தியமா!”

“அது கல்லு மாதிரி இருக்குண்ணே.”

“பின்னே அக்கா வீட்டுக்குப் போறப்போ ஏன் நிக்குது?”

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். அவர் அலுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார்.

உடனே மனைவி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“தம்பி, என் பக்கம் நீ வச்சுக் குடுத்த சுவிட்ச் அவர் கண்ணுல படலையே?”

“படலை அண்ணி.”

“நாத்தனார் வீட்டுக்குப் போறப்போ மட்டும்தான் தட்டுறேன், சத்தியமா! ஆனா எங்கம்மா வீட்டுக்குப் போறப்போவும் நின்னுடுதே, ஏன்?”

எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லைட்டோடு மறுபடியும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.