கோளாறில்லாத டெலஸ்கோப்

‘பட்டனைத் தட்டினால் போதும், இரண்டே நிமிடத்தில் கிரகத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் டெலஸ்கோப்!’

தையல்காரர் விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்தில் ஓர் அம்மா அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“செகண்ட் ஹேண்டா வாங்கி மூணு வாரம்தான் ஆச்சுங்கறீங்க. அதுக்குள்ள விக்கிறீங்களே, என்ன கோளாறு?”

“ஒரு கோளாறும் இல்லைங்க. அதான் பிரச்சினையே.”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தையல்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“முன்னாடி கையால திருப்புற டெலஸ்கோப் வச்சிருந்தேன். சனி கிரகத்தைத் தேடிப் பிடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மொட்டைமாடியில நான்தான் ராஜா. இது பொசுக்குன்னு காட்டிடுது. ‘அதான் பாத்தாச்சே, கீழ வந்து பாத்திரத்தைத் தேய்ங்க’ன்னு வீட்டுக்காரி கூப்பிட்டுடறா. புத்தி கெட்டுப்போய் அந்தப் பழசை வித்துத் தொலைச்சேன்!”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

“இதை நானே எடுத்துக்கறேன்.”

“வானத்தைப் பாக்கறதுல அவ்வளவு ஆசையா?”

“நான் அண்ணாந்துகூடப் பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரர்தான் மூணு வாரமா மொட்டைமாடியே கதின்னு கிடக்கறார், உங்ககிட்ட வாங்கின அந்தப் பழசோட! அதை வண்டியிலயே வச்சுக் கொண்டுவந்திருக்கேன். மாத்திக்கலாமா?”

செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை நோக்கி ஓடிய தையல்காரரை, சமையலறையிலிருந்து வந்த குரல் வாசலிலேயே நிறுத்தியது.

“ஏங்க, அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க. நம்ம டெலஸ்கோப் விக்கிறதுக்கு இல்ல!”