மெஷினைத் தொட்ட கை

மெஷின் உறுமவில்லை. முனகக்கூட இல்லை.

கோதண்டபாணி சுவிட்சை மறுபடியும் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. விஜயதசமி காலை. நல்ல நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி. பட்டறை ஆட்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

யுத்தம் முடிந்ததும் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய மெஷின் அது. இரும்பில் துளை போடுவதற்குத் திருத்தணியில் வேறு கரண்ட் மெஷின் கிடையாது. பெற்ற பிள்ளைகள் பொறாமைப்படுகிற அளவுக்கு அதன்மேல் கோதண்டபாணிக்குப் பிரியம். நேற்று ஆயுத பூஜையில் வேறு யாரையும் கிட்ட விடாமல், சந்தனத்தைத் தன் கையாலேயே அள்ளி அள்ளி அப்பினார். முன்பக்கம், பின்பக்கம், ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை.

"காலையில பட்டறைய யார் தொறந்தது?"

"பூவம்மாதாங்க. பெருக்க வந்துச்சு" என்றான் ராஜவேலு.

பூவம்மாள் புருஷனைப் பறிகொடுத்தவள். இரண்டு பெண் குழந்தைகள். இந்தப் பட்டறையைப் பெருக்குவதால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"வருஷத்துல ஒரு நாளு. அன்னிக்குப் போய் தாலியறுத்தவ கை மொதல்ல பட்டா மெஷின் எப்படி ஓடும்?"

"நான் தொடவே இல்லீங்க மொதலாளி. கீழதான் பெருக்கிகினு இருந்தேன்" என்றாள் துடைப்பத்தோடு நின்ற பூவம்மாள்.

"பொய் வேறயா? தொடப்பத்த வெச்சுட்டுக் கெளம்பு. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத!"

கோதண்டபாணி சொன்னால் சொன்னதுதான். தப்பு தன்மேல் என்று தெரிந்தாலும் இறங்கி வருகிற ஆள் இல்லை. ஊருக்கே தெரியும்.

பூவம்மாள் கிளம்பவில்லை. வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்வாள்? வாசல் ஓரமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ராஜவேலு சைக்கிளில் பறந்து போய்க் கடைத்தெருவிலிருந்து சத்தார் பாயை அழைத்து வந்தான். ரைஸ்மில் மோட்டார் நின்றாலும் சரி, பம்பு நின்றாலும் சரி, ஊருக்கு அவர்தான் வைத்தியர்.

"என்ன மொதலாளி, மூச்சு பேச்சு இல்லியா?"

"தீட்டுப் பட்டுடுச்சு பாய்" என்று கோதண்டபாணி காலையில் நடந்ததைக் கொட்டினார்.

சத்தார் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பல்பை மாட்டிப் பார்த்தார், எரிந்தது. பியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் அறுபடவில்லை. கடைசியில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினின் பின்பக்கம் குனிந்தவர், நகத்தால் எதையோ கீறிப் பார்த்தார்.

"மொதலாளி, நீங்க வெளிய மெயின் சுவிட்சண்ட போய் நில்லுங்க. நான் கொரல் குடுத்தாத்தான் போடணும். மத்தவங்களும் போங்கப்பா, நெழல் வுழுது."

எல்லோரும் வெளியே போனார்கள். உள்ளே சுரண்டுகிற சத்தம் மட்டும் பத்து நிமிஷம் கேட்டது.

"ஆங், போடுங்க!"

மெஷின் உறுமிக்கொண்டு சுற்றியது.

கோதண்டபாணி முருகன் மலை இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். "என்ன பாய் ஆச்சு?"

"உள்ள கார்பன்னு ஒரு சின்னக் கட்டை இருக்குது. அது போய்த் தொட்டாத்தான் மோட்டார் சுத்தும். அழுக்குல மாட்டிகினு இருந்துச்சு." சத்தார் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லவேளை, பின்னால காத்துப் போற ஓட்டைய யாரோ தொடச்சு வெச்சிருக்காங்க. இல்லன்னா நீங்க சுவிட்சு போட்டவொடனே மோட்டார் காயில் கம்பி எரிஞ்சு போயிருக்கும்."

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். ஓட்டைகள் பளிச்சென்று இருந்தன.

"காலையில இங்க இருந்தது பூவம்மா ஒருத்திதானே! ஏம்மா, தொடச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே? தொடலன்னு எதுக்குப் பொய் சொன்ன?"

பூவம்மாள் பதறி எழுந்தாள். "இல்லீங்க, நான்..."

"பயத்துல சொல்லியிருக்கும். வுடுங்க மொதலாளி" என்று சத்தார் குறுக்கே விழுந்தார்.

கோதண்டபாணியின் முகம் மலர்ந்துவிட்டது. "ராசியான கைதான் போ! கேட்டுக்கோ, இனிமே தெனம் காலையில மெஷினை நீதான் மொதல்ல தொடணும். தொடச்சுட்டுத்தான் மத்த வேலை."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தீட்டாக இருந்த அதே கை!

சத்தார் கடைத்தெரு முனை வரை போயிருப்பார். பூவம்மாள் மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பாய், முருகன் மேல ஆணையா சொல்றேன். நான் அந்த மெஷின தொடவே இல்ல. ஓட்டையும் தொடைக்கல."

"தெரியும்மா."

சத்தார் மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாய்க் காய்ந்துபோன சந்தனம்.

"அடுத்த ஆயுத பூஜைக்கு மறுநாளு மட்டும், மறக்காம நெஜமாவே தொடச்சு வுட்டுடும்மா."