ரத்தத்துல எதிர்ப்பு கீது!

"யக்கா, உங்க வூட்டுக்காரரு ரத்தத்துல எதிர்ப்பு கீதாமே? நெசமா?"

மீன்காரி வேண்டா தலைக்கூடையை இறக்காமலேயே கேட்டாள். கல்யாணிக்குக் கையிலிருந்த கிண்ணம் நழுவியது.

எமர்ஜென்சி நேரம். 'எதிர்ப்பு' என்று யாராவது வாய்விட்டுச் சொன்னாலே புதுப்பட்டினத்து ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

போன வருஷம் ஊரில் பாதிப் பேரை நெஞ்சுச்சளிக் காய்ச்சல் போட்டுப் புரட்டியது. கல்யாணியின் கணவர் உலகநாதனும், எதிரே டீக்கடை வைத்திருந்த ஹமீது பாயும் போட்டி போட்டுக்கொண்டு இருமினார்கள். குணமான பிறகும் செங்கல்பட்டு டாக்டர் பிரபாவதி விடவில்லை. ஆராய்ச்சியாம். நன்றாக நடமாடுகிறவர்களிடமே அவ்வப்போது வந்து ரத்தம் எடுத்துப் போவார்.

இந்தத் தடவை ஜீப்பில் ஏறும்போது, "வருஷம் திரும்பியும் உங்க ரத்தத்துல எதிர்ப்பு குறையவே இல்லை சார்! பலே!" என்று தெருவே கேட்கும்படி உலகநாதனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரர் பக்தவத்சலம் அன்று சாயங்காலமே வந்து நின்றார்.

"ஊசி குத்தியே கண்டுபுடிச்சிடறாங்க, பாத்தீங்களா? கவர்மெண்ட் சம்பளம் வாங்கிகினு உள்ளுக்குள்ள எதிர்ப்பு! மிசாவுல உங்களப் புடிச்சா என் வூட்டுக்கும் சீல் வெப்பான். காலி பண்ணிடுங்க."

"நான் யாரையும் எதிர்த்ததே இல்லையே சார்," என்றார் உலகநாதன் பரிதாபமாய். "இவளைக்கூட எதிர்த்துப் பேசினதில்லை."

"வாயில இல்ல சார். ரத்தத்துல கீது!"

இந்த லட்சணத்தில் ஹமீது பாய் வேறு, டீயை ஆற்றிக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

"அவருக்கு கீறதெல்லாம் ஒரு எதிர்ப்பா? எனக்கு கீறதுல பாதி வராது அண்ணாத்த! டாக்டரம்மாவே பேஜாராயிட்டாங்க!"

கல்யாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் இருமிக் கிடந்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்தவள் அவள்.

"நம்ம குடி முழுகப் போகுது. இவருக்கு இதுலயும் போட்டியா?"

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாள் சைக்கிளில் ஏட்டு வந்து இறங்கினார்.

"இங்க ரத்தத்துல எதிர்ப்பு வெச்சிருக்கிற ஆளு யாருய்யா?"

உலகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார். அதற்குள் ஹமீது பாய் நடுத்தெருவில் வந்து குதித்துவிட்டார்.

"நான்தான் ஏட்டய்யா! சாருகிட்ட கீறது சும்மா ஒரு சொட்டு. எங்கூட இருமினாரில்ல, அதுல ஒட்டிக்கினது. மொத்த எதிர்ப்பும் இங்கதான் கீது!" என்று சட்டைக் கையைச் சுருட்டி நரம்பைக் காட்டினார்.

ஏட்டு யோசித்தார். சைக்கிளில் பின்னால் ஒருத்தரைத்தான் உட்காரவைக்க முடியும். ஹமீது பாயை உட்காரவைத்து மிதித்தார்.

"வேணும்! பீத்திக்கிட்டதுக்கு நல்லா வேணும்," என்று முணுமுணுத்தாள் கல்யாணி. ஆனால், நாளைக்கு அதே சைக்கிள் தன் வீட்டுக்கும் வருமே? வேதகிரீஸ்வரனை வேண்டிக்கொண்டே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள்.

டாக்டர் பிரபாவதி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ, நான் சொன்னது நோய் எதிர்ப்பும்மா! அந்தக் காய்ச்சல் மறுபடி வராம உங்க வீட்டுக்காரர் ரத்தம் காவல் காக்குது. வாங்க, நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்."

"அப்படியே ஹமீது பாயையும் விடச் சொல்லுங்கம்மா. எல்லாரையும் விட அவருக்குத்தான் எதிர்ப்பு ஜாஸ்தியாமே. அந்தப் பெருமையில போய் மாட்டிக்கிட்டார்."

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ஹமீதுக்கா? அவர் ரத்தத்துல துளிகூட இல்லையேம்மா! 'உங்களுக்கு எதிர்ப்பே இல்லை பாய்'னு அன்னிக்கே அவரைத் தனியா கூப்பிட்டுச் சொன்னேனே!"