அன்னக்கிளியின் வாரிசு

அன்னக்கிளியின் பதினாறாம் நாள் காரியம். பந்தி இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் வாயைத் திறந்தான் சக்கரபாணி.

"வீட்டுப் பத்திரம், வரி ரசீது, கரண்டு பில்லு எல்லாத்தையும் எடு பார்வதி."

பார்வதி அவனை முறைத்தாள். இவன் அக்கா அன்னக்கிளியின் கொழுந்தன். புருஷன் செத்த மறுமாசமே அக்காவைக் கட்டின புடவையோடு துரத்திவிட்ட குடும்பம். இருபத்தைந்து வருஷமாக எட்டிப் பார்க்காதவன், இப்போது பத்திரம் கேட்கிறான்! வெட்கம் வேண்டாம்?

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து, சுனாமிக்கு முந்தின வருஷம் ரெட்டியார்பாளையத்தில் அக்கா கட்டிய இரண்டு ரூம் வீடு அது. பிள்ளையில்லை. கேன்சரில் கிடந்தவளை மூன்று வருஷம் அள்ளிக் கொட்டியது தங்கச்சி பார்வதிதான். அவளுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

வக்கீல் விஜயராகவனிடம் ஓடினாள்.

"உயில் இருக்கா?"

"எழுதறதுக்குள்ள போயிட்டா சார்."

"அப்ப வீடு கொழுந்தனுக்குத்தாம்மா. புள்ளையில்லாத விதவை சொத்து, புருஷனோட வாரிசுக்குத்தான் போவும். அந்த வழியில அவரு ஒருத்தர்தான் இருக்காரு."

"அவளே சம்பாதிச்சதுமா?"

"அதுவும்தான்."

"கூடப் பொறந்தவ நானு?"

"அவங்க யாருமே இல்லன்னாதான் நீ."

என்ன சட்டமோ, என்ன நியாயமோ! வேறு வழியில்லாமல் பத்திரத்தைக் கொடுத்தாள். அவன் தெருவில் இறங்கியதும், ஆத்திரம் தாங்காமல் ஒரு கை மண்ணை வாரித் தூற்றினாள்.

"நீ நல்லாருப்பியா?"

அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்று மாசம் கழித்து மறுபடி வந்தான். வீடு அவன் பெயருக்கு மாறியிருந்தது.

"நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா. ரெண்டு போட்டோ, ரேஷன் கார்டு எடுத்துக்க."

"காலி பண்றதுக்குக்கூடவா போட்டோ?"

"வாயேன்."

அழுதுகொண்டேதான் போனாள். பத்திரம் எழுதும் கோவிந்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சக்கரபாணியாகிய நான், மேற்படி வீட்டைப் பார்வதிக்குத் தானமாக எழுதிக் கொடுத்து..."

பார்வதி குறுக்கிட்டாள்.

"ஐயா, தப்பா படிக்கிறீங்க."

"சரியாத்தாம்மா படிக்கிறாரு" என்றான் சக்கரபாணி.

"மொதல்லியே சொல்லியிருக்கலாமே!"

"என் பேருக்கு மாறாம உனக்குக் குடுக்க முடியாது. சொல்லியிருந்தா எங்க வீட்ல என் மனசக் கலைச்சுட்டிருப்பாங்க."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான்.

"உசுரோட இருந்தப்ப, நீ எங்க குடும்பமே இல்லன்னு அண்ணியத் துரத்தினோம். செத்தப்புறம் மட்டும் நான் எப்படிம்மா அவங்களுக்கு வாரிசாவேன்?"